அடைப்புக்குறிக்குள் ஒன்றுமில்லை

என்னோடு வேலை பார்த்த ஒருத்திக்கு இப்போது வலது கையில் நாலு விரல்தான் இருக்கிறது. ஆட்காட்டி விரல் போய்விட்டது. ஒரு அடைப்புக்குறியைத் திறந்து, உள்ளே ஒன்றும் எழுதாமல் மூடியதால் அது போனது என்று சொன்னால், கிழவிக்குக் கிறுக்கு முற்றிவிட்டது என்பீர்கள். முற்றட்டும். அந்த அடைப்புக்குறியைத் திறந்து மூடியவள் என் பேத்தி. அப்படி மூடினால் போதும் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான்.

நான் நாலாம் வகுப்போடு நின்றவள். வாத்தியார் அடித்ததால் நின்றேன் என்று எல்லோரிடமும் சொல்லுவேன். உண்மையில் குட்டி ஆடுகளைப் பார்க்க ஆள் இல்லை என்று எங்கள் ஐயாதான் நிறுத்தினார். வாத்தியார் மேல் பழியைப் போட்டால் கேட்பதற்கு நன்றாக இருக்கிறது, அதனால் அப்படியே வைத்திருக்கிறேன். அவரும் செத்துப்போனார், மறுத்துச் சொல்ல வரமாட்டார்.

கோவில்பட்டிக்கு வெளியே ஒரு இன்ஜினியரிங் காலேஜ். நான் சின்னவளாக இருந்தபோது அந்த இடத்தில் பருத்தி நின்றது, இப்போது கம்ப்யூட்டர் நிற்கிறது. அந்தக் கம்ப்யூட்டர் ரூமைக் கூட்டித் துடைப்பதுதான் பதினோரு வருஷமாக என் வேலை. உள்ளே செருப்பு போடக் கூடாது என்று சட்டம். வெயில் காலத்தில் அது எனக்குச் சௌகரியம். மழை விழுந்துவிட்டால் கரிசல் மண், செருப்புக்கு அடியில் இன்னொரு செருப்பாக ஒட்டிக்கொண்டு வரும். வாசலில் கழற்றிப் போட்டதைப் பார்த்தே சொல்லிவிடுவேன், இவன் காட்டுக்குள் குறுக்கே நடந்து வந்தவன், இவள் பஸ்ஸில் வந்தவள், இவளை அவள் அப்பன் பைக்கில் கொண்டுவந்து இறக்கிவிட்டான் என்று. பிள்ளைகள் உள்ளே உட்கார்ந்ததும் நான் வாசலில் உட்கார்ந்து தரையில் அப்பிய மண்ணைக் கொட்டாங்கச்சியால் சுரண்டுவேன். காது சும்மா இருக்குமா? பாடம் பூராவும் காதில் விழும்.

சார்கள் வருஷத்துக்கு ஒருத்தர் மாறுவார்கள். பாடம் மாறாது. ஐப்பசி மழை பிடிக்கும்போது சரியாக இன்டர்ஃபேஸ் வந்துவிடும். முதல் வருஷம் அது என்னமோ வியாதி என்று நினைத்தேன். இரண்டாம் வருஷம் புரிந்துவிட்டது.

இன்டர்ஃபேஸ் என்றால் வெறும் பேர்ப் பட்டியல். இன்னின்ன வேலை நடக்கணும் என்று பேர் மட்டும் போட்டிருக்கும். எப்படிச் செய்வது என்று ஒரு வரி இருக்காது. கிளாஸ் என்று இன்னொன்று வந்து, இந்தப் பட்டியலுக்கு நான் பொறுப்பு என்று தலைப்பில் எழுதிக் கொடுக்கும். எழுதிக் கொடுத்துவிட்டால், பட்டியலில் உள்ள ஒவ்வொரு பேரையும் அது தனக்குள் திரும்ப எழுதி, பக்கத்தில் ஒரு வளைந்த அடைப்புக்குறி திறந்து, அந்த வேலையை நான் இப்படித்தான் செய்வேன் என்று விவரம் எழுதி, மூடணும். ஒரு பேர் விட்டுப்போனாலும் மெஷின் சிவப்புக் கோடு இழுத்துவிடும். ஓட மாட்டேன் என்று உட்கார்ந்துகொள்ளும்.

சார் இதற்குக் கார், பைக், லாரி என்று உதாரணம் சொல்லுவார். பிள்ளைகள் தூங்கும். எனக்குக் கார் வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் ஆடு நின்ற காலத்தில் நாலைந்து வீட்டு ஆட்டைச் சேர்த்து ஒரே கிடையாக, உரத்துக்காக அடுத்தவர் காட்டில் அடைப்போம். சேருகிற வீடு எதுவானாலும் நாலு வேலைக்குப் பேர் கொடுக்கணும். தண்ணீர் காட்டுவது, பட்டியைப் பெயர்த்து மாற்றிக் கட்டுவது, குட்டிகளைக் கூடையான கூட்டைக் கவிழ்த்து மூடி வைப்பது, காவல். எப்படிச் செய்கிறாய் என்று யாரும் கேட்கமாட்டார்கள். எங்கள் ஐயா காவலுக்கு நாய் வைத்திருந்தார். சித்தப்பா பாட்டுப் பாடியே காவல் காத்தார். அந்தப் பாட்டுக்கு நரி என்ன, சொந்தப் பெண்டாட்டியே பக்கத்தில் வரமாட்டாள்.

இதை ஒரு சாரிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். மறுநாள் அடுத்த வகுப்பில் அதே கிடையை, அதே சித்தப்பாவை, தன் தாத்தா என்று சொல்லிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். அன்றைக்கு ஒரு பிள்ளையும் தூங்கவில்லை. அவருடைய தாத்தா தூத்துக்குடியில் பாத்திரக் கடை வைத்திருந்தவர். நான் மண்ணைச் சுரண்டிக்கொண்டே இருந்தேன்.

பாடத்தைவிட, பாடத்தை ஏய்க்கிற வழியைத்தான் பிள்ளைகள் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள். பட்டியலில் உள்ள நாலு பேரில் மூன்றுக்குத்தான் விவரம் எழுதத் தெரியும் என்றால், நாலாவது பேரையும் எழுதி, அடைப்புக்குறியைத் திறந்து உடனே மூடிவிடுவார்கள். உள்ளே வெற்றிடம். சிவப்புக் கோடு போய்விடும். பேர் இருக்கிறதா என்றுதான் மெஷின் பார்க்கும், உள்ளே ஆள் இருக்கிறதா என்று பார்க்காது. கிடையில் இது நடக்காது. பேர் கொடுத்துவிட்டு வராமல் போனவன் வண்டவாளம் விடிந்தால் தெரிந்துவிடும். கூடு திறந்து கிடக்கும், குட்டி இருக்காது.

என் மகள் வயிற்றுப் பேத்தியும் அதே காலேஜில் வந்து சேர்ந்தாள். சேர்ந்த அன்றே எனக்கும் அவளுக்கும் ஒரு ஒப்பந்தம். வீட்டில் நான் ஆச்சி. காலேஜில் ஆயாம்மா. அவள்தான் கேட்டாள், தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள். நான் சிரித்துக்கொண்டே சரி என்றேன். மற்ற பிள்ளைகளின் செருப்பு மண்ணோடு அவள் செருப்பு மண்ணையும் சுரண்டினேன். என்னைத் தாண்டிப் போகும்போது அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு போவாள். ஜன்னலைத் துடைத்ததும் நான்தான், அதனால் அவள் என்னையும் கொஞ்சம் பார்த்தாள் என்று வைத்துக்கொண்டேன்.

இரண்டாம் வருஷம் கார்த்திகையில் கம்ப்யூட்டர் பரீட்சை. வெளியூரிலிருந்து ஒரு சார் வந்திருந்தார். சீட்டு எடுக்கணும், வந்த கணக்கை மெஷினில் எழுதி ஓட்டிக் காட்டணும். பேத்திக்கு இன்டர்ஃபேஸ் வந்தது. நான் அந்தச் சாருக்குத் தண்ணீர் வைக்க உள்ளே போனேன். போகிற போக்கில் பார்த்தால், மூன்றை எழுதிவிட்டாள், நாலாவது வரவில்லை. சிவப்புக் கோடு ஓடிக்கொண்டிருந்தது. அவள் கண்ணும் அதே நிறம்.

நான் அவள் மேஜைக்குக் கீழே குனிந்து, இல்லாத குப்பையைப் பொறுக்கினேன்.

"ஏட்டி, பேரை மட்டும் எழுதிக் கதவைச் சாத்து. உள்ள யாரு வந்து பாக்கப் போறா?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. விரல் மட்டும் நகர்ந்தது. கோடு போய்விட்டது. வெளியூர் சார் வந்தார், ஓட்டச் சொன்னார். மூன்று பதில் வந்தது. அவருக்கு மதியச் சாப்பாட்டு நேரம், நாலாவதைக் கேட்கவில்லை. பாஸ்.

அன்றைக்கு வீட்டில் அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு சிரித்த சிரிப்பை என் மகள் வாசலில் நின்று பார்த்தாள். நாலாம் வகுப்புக்காரி இன்ஜினியரைப் பாஸாக்கினேன் என்று தெருவில் பாதிப் பேரிடம் சொல்லிவிட்டேன். மீதிப் பேரிடம் என் மகள் சொல்லிவிட்டாள்.

இனி அந்த நாலு விரல்காரி. அவள் குளத்தூர்ப் பக்கம். உப்பளத்தில் வேலை பார்த்தவள். உப்புத் தண்ணீரில் நின்று நின்று கால் வெடித்து, நடக்க முடியாமல் போனதும், கோவில்பட்டிக்கு வந்து ஒரு ரூம் எடுத்துத் தங்கி, எங்கள் காலேஜில் கூட்ட வந்தாள். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது சின்னவள். எழுதப் படிக்கத் தெரியாது. வாய் மட்டும் எனக்குச் சமம். எனக்குக் கம்ப்யூட்டர் ரூம், அவளுக்குக் கக்கூஸ். கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர் அப்படித்தான் பிரித்துவிட்டார். ஆசிட் ஊற்றித் தேய்க்கணும். சேர்ந்த அன்றைக்கு ஒரு ஜோடி கையுறை கொடுத்தார்கள். ஒரு வருஷத்தில் வலது கை உறையில் ஆட்காட்டி விரல் கிழிந்தது. கிழிந்த ஓட்டை வழியே ஆசிட் உள்ளே போய்த் தங்கும். கழற்றினால் விரல் மட்டும் வெள்ளையாக, ஊறப்போட்ட மொச்சை மாதிரி இருக்கும். அவளுக்குச் சர்க்கரை வேறு.

புதுக் கையுறை கேட்டாள். சூப்பர்வைசர் அடுத்த வாரம் என்றார். அவருக்கு எல்லாமே அடுத்த வாரம்தான், பெண்டாட்டிக்குப் பிரசவ வலி வந்தால்கூட அடுத்த வாரம் என்பார் என்று அவள் சொல்லுவாள்.

பேத்தி படிப்பை முடித்து, கோவில்பட்டியிலேயே ஒரு சின்னக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். மாடியில் நாலு மேஜை, கீழே கடலைமிட்டாய்க் கடை. அந்தக் கம்பெனிக்கு எங்கள் காலேஜிலிருந்தே ஒரு வேலை வந்தது. காலேஜுக்குத் தரம் போட ஒரு கமிட்டி வரப்போகிறது, குறை சொல்வதற்குப் போனில் ஒரு வசதி இருக்கிறது என்று காட்டணும். தண்ணீர் வரவில்லையா, விளக்கு எரியவில்லையா, கம்ப்யூட்டர் ஓடவில்லையா, படத்தை அமுக்கி வாயால் பேசினால் போதும். கடைசியில் துடைப்பம் படம் போட்டு, பணியாளர் குறை. வேலையை என் பேத்தியிடம்தான் கொடுத்தார்கள்.

அவளே என் போனில் ஏற்றிக் கொடுத்தாள். துடைப்பத்தை அமுக்கி, ரூமில் வெளிச்சம் பத்தவில்லை என்று சோதனைக்குச் சொன்னேன். "உங்கள் குறை பெறப்பட்டது. நன்றி" என்று ஒரு பெண் குரல் பேசியது. என் ஆயுசில் குறை சொன்னதற்கு யாரும் நன்றி சொன்னதில்லை. எனக்கு மயக்கமே வந்துவிட்டது.

கமிட்டி வந்தது, சாப்பிட்டது, போனது. சூப்பர்வைசர் எங்களை வரிசையில் நிறுத்திச் சொன்னார்.

"இனி என்ட்ட வந்து வாயால சொல்லுத சோலியே வேண்டாம். போன்ல அமுக்குங்க. போக வேண்டிய எடத்துக்குப் போயிரும்."

குளத்தூர்க்காரிக்கு நான்தான் அவள் போனில் காட்டிக் கொடுத்தேன். துடைப்பத்தை அமுக்கணும், மைக்கை அமுக்கிப் பிடித்துப் பேசணும், விடணும். அவள் போனைச் சாமி படம் மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பேசினாள். கையுறை வேணும், வலது கை உறை கிழிஞ்சிட்டு, விரல் எரியுது. பெறப்பட்டது, நன்றி. பத்து நாள் கழித்து மறுபடியும். பெறப்பட்டது, நன்றி. மூன்றாவது முறை அவளுக்கு நான் தேவைப்படவில்லை, தானே அமுக்கிவிட்டாள்.

விரல் கறுக்க ஆரம்பித்தது. அவள் நேரே பிரின்சிபால் ரூமுக்குள் போய் உறையைக் கழற்றி மேஜை மேல் போடுகிறேன் என்றாள். செய்யக்கூடியவள்தான். நான்தான் தடுத்தேன்.

"எதுக்குட்டி சண்டை? போன்ல சொல்லியாச்சுல்லா. எம் பேத்தி எழுதினது. அவ எழுதினா போயிரும்."

"யக்கா, உப்பளத்துல காலு போச்சு. இங்கன கை போவுது. மிச்சம் வாய்தான் கெடக்கு, அதையும் நீ தொறக்க விட மாட்டேங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் சிரித்தேன். அன்றைக்கு நான் வழியை விட்டிருந்தால் போதும். பிரின்சிபால் ரூம் அந்த வராந்தாவின் கடைசியில்தான் இருக்கிறது. எட்டி நடந்தால் இருபது அடி.

நான் தடுத்த பிறகும் அவள் இரண்டு வாரம் அதே உறையோடு தேய்த்தாள். பிறகு காய்ச்சல் வந்து படுத்தாள். பெரியாஸ்பத்திரியில் விரலை எடுத்தால்தான் கை தப்பும் என்றார்கள். எடுத்தார்கள். கட்டோடு படுத்திருந்தவளைப் பார்க்கப் போனேன். இனி யாரையும் காட்டிக் கொடுக்க என்னால் முடியாது, காட்டுகிற விரல் போச்சு என்றாள். நான் அன்றைக்கும் சிரித்துத் தொலைத்தேன்.

புண்ணை ஆறவைத்துக்கொண்டு வேலைக்கு வந்தபோது சூப்பர்வைசர் உள்ளே விடவில்லை. நான் அவளைக் கூட்டிக்கொண்டு ஆபீஸுக்குப் போனேன். கக்கூஸ் வேண்டாம், வராந்தா கூட்டுகிற வேலையாவது கொடுங்கள் என்று கேட்டோம். கையுறை கேட்டு மூன்று தடவை சொன்னோமே என்றேன். ஆபீஸ்காரர் நல்ல மனுஷன்தான். கம்ப்யூட்டரைத் திறந்து எங்களுக்கே திருப்பிக் காட்டினார். தண்ணீர்க் குறை வரிசையாக இருந்தது. விளக்குக் குறை இருந்தது. பணியாளர் குறை என்ற இடத்தில் ஒன்றுமே இல்லை.

"அவிய ஒரு தடவகூடச் சொல்லலையே ஆயாம்மா. சொல்லியிருந்தா இங்கன இருக்கும்லா. கையுறை போடாம அவியளா ஆசிட்ல கைய விட்டா நாங்க என்ன செய்ய?"

குளத்தூர்க்காரி என்னைப் பார்த்தாள். தான் ஏதோ தப்பாக அமுக்கிவிட்டோம் என்று அவள் நினைத்துக்கொண்டாள். தனக்குப் படிப்பில்லை, அதனால் போனில் சரியாகச் சொல்லத் தெரியவில்லை, அதனால் விரல் போச்சு என்று நினைத்து, ஆபீஸ்காரரிடம் அவள் மன்னிப்புக் கேட்டாள். அந்த வாரமே ரூமைக் காலி செய்துவிட்டுக் குளத்தூருக்குத் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பேத்தி தலைக்குக் குளித்துவிட்டு முடியை உலர்த்திக்கொண்டிருந்தாள். துடைப்பத்தை அமுக்கிப் பேசினால் அது எங்கே போகும் என்று கேட்டேன். எதற்குக் கேட்கிறாய் என்றாள். சொன்னேன். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய் லேப்டாப்பைக் கொண்டுவந்து தரையில் வைத்துத் திறந்தாள்.

ஒரு இன்டர்ஃபேஸ். அவளே எழுதிய பட்டியல், விரல் வைத்துத் தமிழில் சொல்லிக் காட்டினாள். குறையைப் பெறு, குறையை அனுப்பு, குறையை முடி. இதற்குப் பொறுப்பேற்று நாலு கிளாஸ். தண்ணீருக்கு உள்ளதில், அனுப்பு என்ற பேருக்குள் பிளம்பர் போன் நம்பர் முதற்கொண்டு நாலு வரி இருந்தது. விளக்குக்கும் கம்ப்யூட்டருக்கும் அப்படியே. துடைப்பத்துக்கு வந்தோம். பெறு என்பதற்குள் அந்த நன்றி இருந்தது. அனுப்பு என்ற பேர் இருந்தது. பக்கத்தில் அடைப்புக்குறி திறந்திருந்தது, மூடியிருந்தது.

இங்கிலீஷ் படிக்கத் தெரியாத எனக்கும் ஒன்றுமில்லாததைப் படிக்கத் தெரியும்.

"உள்ள ஒண்ணையும் காணோமே, ஏட்டி."

"யாருக்கு அனுப்பணும்னு யாரும் சொல்லல ஆச்சி. காலேஜ்ல கேட்டா கான்ட்ராக்டரக் கேளுங்காவ. அவியட்ட கேட்டா காலேஜக் கேளுங்காவ. திங்கக்கிழமை கமிட்டி. எங்க சார், இப்போதைக்கு விடு, பெறவு பாத்துக்கிடலாம்னுட்டாரு."

"விட்டா செவப்புக் கோடு இழுக்கும்லா."

"பேரை எழுதி மூடிட்டா இழுக்காது." அவள் என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தாள், காலேஜில் பார்த்த மாதிரியே. "நீதான ஆச்சி சொன்ன. உள்ள யாரு வந்து பாக்கப் போறான்னு."

குளத்தூர்க்காரி பேசின மூன்றும் எங்கேயாவது தங்கியிருக்குமா, எடுத்து ஆபீஸ்காரரிடம் காட்ட முடியுமா என்று கேட்டேன். அனுப்பியிருந்தால்தான் எங்கேயாவது இருக்கும் என்றாள். பேசி முடித்து விரலை எடுத்த அந்த நொடியே போய்விட்டது. அழுதாள். நான் அவள் தலையைத் துவட்டிவிட்டேன். திட்டணும் என்றுதான் இருந்தது. என்ன சொல்லித் திட்ட?

மறுநாள் அவள் தன் கம்பெனி சாரிடம் போய் நடந்ததைச் சொல்லியிருக்கிறாள். அவர் பதறிப்போய், உடனே சரிசெய் என்றாராம். யாருக்கு அனுப்ப என்று கேட்டதற்கு, காலேஜைக் கேள் என்றாராம். காலேஜ் கான்ட்ராக்டரைக் காட்டியது. கான்ட்ராக்டர் போனையே எடுக்கவில்லை. ஒரு வாரம் இப்படிப் போனது. செக்குமாடுகூட இப்படிச் சுற்றாது, அது கடைசியில் எண்ணெயாவது கொடுக்கும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் சொன்னேன், அந்த அடைப்புக்குறிக்குள் என் நம்பரைப் போடு என்று. அவள் சிரித்தாள், பிறகு நான் சிரிக்காததைப் பார்த்தாள். போட்டாள். அவள் சாருக்கு இன்றுவரை தெரியாது. சிவப்புக் கோடு இல்லையே, யார் உள்ளே வந்து பார்க்கப் போகிறார்கள்?

இப்போது காலேஜில் யார் துடைப்பத்தை அமுக்கினாலும் என் போன் மணியடித்து, அவர்கள் பேசி வைத்த குரலைக் கொடுக்கிறது. எங்களுக்கென்று உள்ள கக்கூஸில் தாழ்ப்பாள் இல்லை. வாட்ச்மேன் நாற்காலிக்கு ஒரு கால் இல்லை. ஒருத்தி பேசவே இல்லை, மூச்சு மட்டும் விட்டுவிட்டு வைத்துவிட்டாள். நான் எல்லாவற்றையும் கேட்டு, லேப் பிள்ளைகள் கிழித்துப் போட்ட தாளின் பின்பக்கத்தில் என் நாலாம் வகுப்பு எழுத்தில் எழுதி, காலையில் பிரின்சிபால் ரூமைக் கூட்டும்போது அவர் பிளாஸ்க்குக்கு அடியில் வைத்துவிட்டு வருகிறேன். பிரின்சிபால் ரூமையும் நானே கூட்டுகிறேன் என்று சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். வேலை அதிகமாகிறதே என்று அவர் சந்தோஷமாகக் கொடுத்தார். தாளை யார் வைக்கிறார்கள் என்று பிரின்சிபால் இதுவரை கேட்கவில்லை. காப்பி குடிக்கணும் என்றால் தாளைத் தொட்டுத்தான் ஆகணும்.

தாழ்ப்பாள் வந்தது. நாற்காலிக்குக் கால் வரவில்லை. ஒரு நாள் பெட்டி நிறையக் கையுறை வந்து இறங்கியது, புதுசு, ஐந்து விரலோடு. சூப்பர்வைசர், தான் கேட்டு வாங்கியதாகச் சொல்லி ஆளுக்கு ஒரு ஜோடி கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டேன். பிறகு குனிந்து இன்னொரு ஜோடியையும் எடுத்தேன். அவர் கேட்கவில்லை.

அது நடந்து நாலு நாள் இருக்கும். ரூமைத் துடைத்துக்கொண்டிருந்தேன், போன் அடித்தது. துடைப்பம். ஈரத்துணியைப் போட்டுவிட்டுக் காதில் வைத்தேன். குளத்தூர்க்காரி. வேலையை விட்டுப் போனாலும் அந்தத் துடைப்பம் அவள் போனை விட்டுப் போகவில்லை.

"கையுறை வேணும். வலது கைக்கு நாலு வெரல் இருந்தாப் போதும்."

அவ்வளவுதான். பின்னால் ஆடு கத்தியது, யாரோ சிரித்தார்கள், அவளேதானோ என்னவோ. அவள் போனில் இந்நேரம் அந்தப் பெண் நன்றி சொல்லியிருப்பாள்.

மறுநாள் லீவு சொல்லிவிட்டு, விளாத்திகுளம் போய், அங்கிருந்து குளத்தூர் பஸ் ஏறினேன். பையில் அந்த ஜோடி இருந்தது. அவள் தம்பி வீட்டு வாசலில் வேப்ப நிழலில் உட்கார்ந்து இடது கையால் மிளகாய்க் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். வா யக்கா என்றாள். உட்கார்ந்ததும் சொல்ல ஆரம்பித்தேன், இல்லாவிட்டால் வேடிக்கை பேசிவிட்டுத் திரும்பி வந்துவிடுவேன் என்று எனக்கே தெரியும். அவள் தப்பாக அமுக்கவில்லை என்று முதலில் சொன்னேன். பிறகு பட்டியல், பேர், அடைப்புக்குறி, கமிட்டி, பேத்தி. கடைசியில் பரீட்சை அன்றைக்கு மேஜைக்கு அடியில் குனிந்து நான் சொன்னதையும் சொன்னேன். அவளுக்கு அடைப்புக்குறி புரிந்திருக்காது என்று நினைத்தேன். கிள்ளுவதை நிறுத்தாமல் கேட்டாள். முடித்ததும் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அப்ப அத்தனை தடவையும் நான் யார்ட்டக்கா சொல்லிக்கிட்டு இருந்தேன்?"

மிளகாய் நெடியில் இருமல் வந்தது எனக்கு. அவள் எழுந்து உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். இடது கையால் நீட்டினாள். வலது கை முடியாமல் நீட்டினாளா, வேண்டுமென்றே நீட்டினாளா என்று நான் கேட்கவில்லை. வாங்கிக் குடித்தேன்.